அஃப்ரிதி: வேரைத் தேடுவோரும் பெயரைச் சுமப்போரும்

‘அஃப்ரிதி’ என்னும் பெயர் இந்தியாவில் பெரும்பாலோருக்குக் கிரிக்கெட்டின் வழியாகவே அறிமுகமானது. 1996 அக்டோபர் 4 அன்று நைரோபியில் இலங்கைக்கு எதிராக 37 பந்துகளில் சதமடித்த ஷாகித் அஃப்ரிதியின் பெயரைத் தமிழ் நாளிதழ்கள் ‘அப்ரிடி’ என்று அச்சிட்டன. இன்று ஷாஹீன் ஷா அஃப்ரிதியால் அப்பெயர் மீண்டும் விளையாட்டுப் பக்கங்களில் நிலைபெற்றுள்ளது. பெயர் புகழ்பெறும் ஒவ்வொரு முறையும் அதன் மூலம் எது என்னும் கேள்வியும் உடன் எழுகிறது. அதற்கு ஆயத்தமாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. ஹெரோடோட்டஸ் குறிப்பிட்ட ஒரு பண்டைய மக்களின் வழித்தோன்றல்களே அஃப்ரிதிகள் என்பது ஒன்று. இஸ்ரவேலின் தொலைந்துபோன குலங்களுள் ஒன்றின் எச்சமே அவர்கள் என்பது மற்றொன்று. இரண்டும் ஆய்வேடுகளின் முதல் இயலில் ‘தோற்றமும் தொன்மையும்’ என்னும் தலைப்பின்கீழ் அடுத்தடுத்து இடம்பெற்றுவிடுகின்றன. இரண்டையும் கேள்வியின்றி எடுத்துரைத்துவிட்டு ஆய்வாளர் அடுத்த இயலுக்குச் சென்றுவிடுகிறார்.

இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும். ஒரு குலப்பெயரின் மூலத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள், பெயரைச் சுமந்தவர்களைக் காட்டிலும் கதையைச் சொன்னவர்களைப் பற்றியே அதிகம் தெரிவிக்கின்றன. அஃப்ரிதி என்னும் பெயரின் உண்மையான மரபு அதன் தொடக்கப் புள்ளியில் இல்லை. யார் யார் அப்பெயருக்குள் ஏற்றுக்கொள்ளப்பட்டனர், யார் யார் அதை விட்டு வெளியேறினர், அப்பெயரைச் சுமந்ததற்காக எவரெவர் என்ன விலை கொடுத்தனர் என்பவற்றில்தான் அது இருக்கிறது. வியப்புக்குரியது என்னவென்றால், பஷ்தூன் மக்களின் பழைய கொடிவழி மரபே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆய்வாளர்கள்தாம் அதைக் கவனிக்கத் தவறியுள்ளனர்.

முதலில் பெயரையும் இடத்தையும் பார்க்கலாம். பெஷாவருக்கு மேற்கே கைபர் கணவாய், தெற்கே கோஹாட் கணவாய், இவற்றுக்கு இடைப்பட்டும் மேற்கு நோக்கியும் விரியும் தீரா மலைநாடு ஆகியவை அஃப்ரிதிகளின் வாழ்விடம். ஆதம் கேல், அக்கா கேல், கமர் கேல், கம்பர் கேல், குக்கி கேல், மாலிக்தீன் கேல், சிபாஹ், ஸக்கா கேல் என்று எட்டுப் பெருங்கிளைகளாக அவர்கள் எண்ணப்படுகின்றனர். ‘கேல்’ என்பது குதிரைக் கூட்டத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்து, கிளையைக் குறிக்கும் சொல்லாகப் பஷ்தோவில் நிலைபெற்றது. யூசுஃப்ஸை, ஓரக்ஸை போன்ற பெயர்களின் இறுதியில் வரும் ‘ஸை’ மகன் என்னும் பொருளுடையது.

பஷ்தோ மொழியில் ‘ஃப்’ என்னும் ஒலி இயல்பானதன்று. ஆகவே மலைநாட்டில் ஒருவர் தம்மை ‘அப்ரிதை’ என்றே சொல்லிக்கொள்வார். பாரசீகமும் உருதுவும் எழுத்தில் பதிந்த வடிவமே ‘அஃப்ரிதி’. பகரத்தை எழுதிய தமிழ் நாளிதழ், தற்செயலாகவேனும், மலைநாட்டு ஒலிப்பை நெருங்கிவிட்டது. பாரசீகத்தில் ‘படைத்தல்’ என்னும் பொருள்தரும் வினையோடு இப்பெயரை இணைத்து, ‘இறைவனால் படைக்கப்பட்டவன்’ என்று விளக்குவோரும் உண்டு. எழுத்து மொழியின் வடிவத்தை வைத்துப் பேச்சு மொழியின் பெயருக்குப் பொருள் காணும் முயற்சி அது.

மலைநாட்டுக்குள் இப்பெயருக்கு அன்றாடப் பயன் குறைவு என்பதும் நினைவிற்கொள்ள வேண்டியது. எல்லாரும் அஃப்ரிதிகளாக இருக்கும் ஓரிடத்தில் ‘நான் அஃப்ரிதி’ என்று சொல்வது எதையும் தெரிவிப்பதில்லை. அங்கே ஒருவர் தம் கேலின் பெயரையோ, அதற்குள் அடங்கிய சிறுகிளையின் பெயரையோதான் சொல்வார். கணவாயைக் கடந்து பெஷாவருக்கோ கராச்சிக்கோ தில்லிக்கோ சென்ற பிறகுதான் பெரும்பெயர் தேவைப்படுகிறது. பெயருக்குப் பின்னால் நிலையாக ஒட்டிக்கொள்ளும் குலப்பெயர் என்னும் வழக்கம், படைப்பட்டியல், பள்ளிப் பதிவேடு, கடவுச்சீட்டு ஆகியவற்றோடு வலுப்பெற்றது. வேரைக் காட்டுவதாக நம்பப்படும் பெயர், பெரும்பாலும் வேரிலிருந்து விலகிச் சென்றவரின் பெயராகவே இருந்திருக்கிறது.

இனி முதல் விடை. ஹெரோடோட்டஸ் தம் வரலாற்று நூலின் மூன்றாம் புத்தகத்தில் பாரசீகப் பேரரசன் தாரியஸுக்குத் திறை செலுத்திய மாகாணங்களைப் பட்டியலிடுகிறார். அவற்றுள் ஏழாவது மாகாணத்தில் சத்தகிதியர், காந்தாரர், தாதிகர் ஆகியோருடன் ‘அபாரிதாய்’ என்னும் மக்களும் சேர்ந்து 170 தாலந்து செலுத்தியதாகச் சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எல்லைப்புறத்தில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் ஹென்றி வால்டர் பெல்யூ, அபாரிதாய் மக்களே அஃப்ரிதிகள் என்று எழுதினார். வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தின் ஆளுநராக இருந்த ஓலஃப் கேரோ 1958இல் வெளியிட்ட ‘பட்டாணியர்’ என்னும் நூல் இக்கருத்தைப் பரவலாக்கியது.

இக்கருத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. காந்தாரருக்கு அருகில் வைத்து எண்ணப்பட்ட ஒரு மக்கள் கைபரை ஒட்டி வாழ்ந்திருக்கக்கூடும். எனினும் இரண்டு பெயர்கள் ஒத்தொலிப்பது சான்றாகிவிடாது. மொழிகள் ஒழுங்கான ஒலி மாற்றங்களுக்கு உட்பட்டே வளர்கின்றன. பழைய ஈரானிய மொழியில் பத்தைக் குறித்த ‘தச’ பஷ்தோவில் ‘லஸ்’ ஆகியது. நூறைக் குறித்த ‘சத’ ‘ஸல்’ ஆகியது. உயிர்களுக்கு இடைப்பட்ட பழைய தகரம் பஷ்தோவில் லகரமாகத் திரிந்திருக்கும்போது, ஒரு பெயர் மட்டும் இருபத்தைந்து நூற்றாண்டுகள் அம்மொழி பேசுவோரின் நாவிலேயே இருந்தும் தகரத்தை இழக்காமல் வந்தது எப்படி என்னும் வினாவுக்கு விடை வேண்டும். வேற்றுமொழி வழியாக அப்பெயர் வந்திருக்கலாம். அல்லது இரண்டும் வேறு வேறு பெயர்களாகவே இருக்கலாம். இக்கேள்வியை எழுப்பாமல் ஒலியொப்புமையை மட்டும் நம்பியவர்கள் எந்த எல்லை வரை செல்வார்கள் என்பதற்குப் பெல்யூவே சான்று. 1891இல் அவர் வெளியிட்ட நூலில் பஷ்தூன் கிளைகளுக்குக் கிரேக்க மூலங்களையும் ராஜபுத்திர மூலங்களையும் இதே முறையில்தான் கண்டார். பேரரசின் எல்லையில் நின்ற அதிகாரிக்கு, எதிரே நிற்கும் மலைவாசி செவ்வியல் நூலில் தாம் படித்த ஒருவராகத் தெரிய வேண்டியிருந்தது.

இரண்டாவது விடைக்கு நீண்ட வரலாறு உண்டு. பஷ்தூன்கள் அனைவரும் கைஸ் அப்துர் ரஷீத் என்னும் ஒரே மூதாதையின் வழிவந்தோர் என்றும், அவர் வழியே இஸ்ரவேலின் அரசன் சவுல், அதாவது தாலூத், வரை தம் வம்சம் செல்வதாகவும் கொடிவழிகள் கூறுகின்றன. அக்பர் காலத்து ‘ஐன்-இ-அக்பரி’யிலேயே ஆப்கானியர் தம்மை இஸ்ரவேலர் வழியினராகக் கருதுவது பதிவாகியுள்ளது. இதனை விரிவான நூலாக்கியவர் நிஃமதுல்லாஹ். ஜஹாங்கீரின் அவையில் உயர்நிலையில் இருந்த கான் ஜஹான் லோதியின் ஆதரவில் அவர் தொகுத்த ‘மக்ஸன்-இ-ஆப்கானி’ 1613ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. தொகுக்கப்பட்ட இடம் காபூலும் அன்று, கந்தஹாரும் அன்று. இன்றைய மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூர். எழுதப்பட்ட மொழியும் பஷ்தோ அன்று, பாரசீகம்.

இந்த இடமும் காலமும் தற்செயலானவை அல்ல. 1451 முதல் தில்லியை ஆண்ட லோதிகள் 1526இல் அதை இழந்தனர். சூரி வம்சத்தின் கீழ் 1540இல் மீட்கப்பட்ட ஆட்சி 1555இல் மீண்டும் பறிபோனது. அதன் பிறகு, தைமூரின் வழியையும் செங்கிஸ்கானின் வழியையும் பெருமையாகச் சொல்லிக்கொண்ட முகலாய அவையில் ஆப்கானிய உயர்குடியினர் பணியாளர்களாக நின்றனர். அந்த அவையில் மதிப்புப் பெற வம்சம் வேண்டும்; அதுவும் முகலாயரின் வம்சத்தைவிடப் பழையதாக, திருமறையிலேயே பேசப்படும் ஓர் அரசனைத் தொட்டு நிற்பதாக இருக்க வேண்டும். ‘மக்ஸன்’ அத்தேவையை நிறைவேற்றியது. மலைநாட்டின் நினைவாக இன்று மதிக்கப்படும் கொடிவழி, இந்திய மண்ணில், இடம்பெயர்ந்தோர் நடுவே, ஓர் அரசியல் தோல்விக்குப் பிறகு எழுத்துருப் பெற்றது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை. ஆனால் அதை எவ்வாறு படிக்க வேண்டும் என்பது மாறுகிறது.

பின்வந்தோர் இக்கொடிவழியோடு மீண்டும் ஒலியொப்புமையைச் சேர்த்தனர். யூசுஃப்ஸை என்பது யோசேப்பு, அஃப்ரிதி என்பது எப்பிராயீம் என்று ஒரு பட்டியலே உருவானது. யூசுஃப் என்பது முஸ்லிம் உலகெங்கும் இயல்பாக வைக்கப்படும் பெயர் என்பதும், அப்ரிதை என்னும் ஒலிக்கும் எப்பிராயீமுக்கும் இடையில் எந்த இலக்கண உறவும் காட்டப்படவில்லை என்பதும் பட்டியலைத் தடுக்கவில்லை. அண்மைக் காலத்தில் இக்கேள்வி மரபணு ஆய்வகத்தின் வாசலுக்கும் சென்றுள்ளது. 2012இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளிவந்த ஆய்வு, ஆப்கானிஸ்தானின் பஷ்தூன் ஆண்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரின் தந்தைவழி, மத்திய ஆசியாவிலும் வட இந்தியாவிலும் பரவலாகக் காணப்படும் ஆர்1ஏ1ஏ வகையைச் சேர்ந்தது என்று கண்டது. தொலைந்த குலக் கதைக்கு இதில் ஆதரவு இல்லை. ஆனால் ஆதரவு இருந்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. இருபது தலைமுறைகள் பின்னோக்கிச் சென்றால் ஒரு மனிதருக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மூதாதையர் இடங்கள் உண்டு. தந்தைவழிக் குரோமோசோம் அவற்றுள் ஒன்றே ஒன்றைத்தான் காட்டும். எஞ்சிய அனைவரையும் மறந்துவிட்டு அந்த ஒருவரை மட்டும் ‘மூலம்’ என்று அழைப்பது சமூகத்தின் தேர்வு. உயிரியல் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை.

இவ்விடத்தில்தான் கொடிவழி மரபின் மிகச் சிறந்த பகுதி கவனத்திற்கு உரியதாகிறது. கைஸுக்கு சர்பன், பத்தன், கர்கஷ்த் என்று மூன்று மகன்கள். பஷ்தூன் குலங்களுள் பல இம்மூவரின் வழிவந்தவை. அஃப்ரிதி, கட்டக், ஓரக்ஸை, வஸீர், மெஹ்சூத் முதலியோர் மட்டும் இம்மூவருள் எவருடைய நேர்வழியினரும் அல்லர். அவர்கள் கர்லான் என்பவனின் வழியினர். கர்லான் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. கைவிடப்பட்ட பாசறையொன்றில் ஒருவருக்கு இரும்புச் சட்டியும் மற்றொருவருக்குக் குழந்தையும் கிடைத்தன என்றும், இருவரும் அவற்றை மாற்றிக்கொண்டனர் என்றும், சட்டியின் பெயரே குழந்தைக்கு ஆகிவந்தது என்றும் மரபுக் கதை சொல்கிறது. தத்தெடுத்து வளர்க்கப்பட்ட அக்குழந்தையின் வழியில்தான் எல்லைப்புறத்தின் மிக வலிய குலங்கள் பல வருகின்றன.

தூய வம்சத்தை நிறுவவே இக்கொடிவழி எழுந்தது என்றால், இத்தகைய கதைக்கு அதில் இடம் இருந்திருக்கக் கூடாது. கதையை மறைத்திருக்கலாம், கர்லானை நான்காவது மகனாக எழுதியிருக்கலாம். அவ்வாறு செய்யப்படவில்லை. உறவு பிறப்பால் மட்டும் அமைவதன்று, ஏற்பாலும் அமைவது என்னும் உண்மையை அம்மரபு தன் மையத்திலேயே வைத்திருக்கிறது. அஃப்ரிதிகளின் மூலத்தை எகிப்திலும் ஏதென்ஸிலும் தேடியவர்கள், அஃப்ரிதிகளே சொல்லிவந்த கதையின் பொருளைக் கேட்கவில்லை.

இது வெறும் கதையாகவும் நின்றுவிடவில்லை. ‘ஹம்சாயா’ என்பது பஷ்தூன் நாட்டில் வழங்கும் பாரசீகச் சொல். ஒரே நிழலைப் பகிர்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். வேற்றுக் குலத்தார், கைவினைஞர், பகைக்கு அஞ்சி வந்தோர் ஆகியோர் ஒரு கேலின் பாதுகாப்பில் குடியேறுவர். தலைமுறைகள் செல்லச் செல்ல அவர்களுள் சிலர் அக்கேலின் பெயராலேயே அறியப்பட்டனர். தீராவிலும் அதையொட்டிய ஓரக்ஸை பகுதியிலும் சீக்கியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இவ்வாறு வாழ்ந்தன. அவர்களின் தாய்மொழி பஷ்தோ. தம்மைக் காத்த கேலின் பெயரைத் தம் அடையாளமாகச் சொல்வோரும் அவர்களிடையே உண்டு. 2009இல் தலிபான் அமைப்பினர் ஓரக்ஸையில் சீக்கியரிடம் ஜிஸ்யா வரி கேட்டு, அவர்களின் வீடுகளை இடித்தபோது, அங்கிருந்து குடும்பங்கள் வெளியேறின. நிழலைப் பகிரும் பழைய ஏற்பாடு, தூய்மையை வற்புறுத்திய புதிய அதிகாரத்தின் முன் முறிந்தது.

மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1969இல் தொகுத்த ‘இனக்குழுக்களும் எல்லைகளும்’ நூலில் பட்டாணியர் அடையாளத்தைப் பற்றி எழுதிய கட்டுரை இதனோடு இணைத்துப் படிக்கத்தக்கது. பஷ்தோ பேசுவது மட்டும் போதாது, பஷ்தோவை ஒழுகவும் வேண்டும் என்று அம்மக்கள் கருதுவதை அவர் எடுத்துக்காட்டினார். விருந்தோம்பல், ஜிர்கா அவை, இல்லத்தின் மானம் ஆகியவற்றை நிறைவேற்ற முடிகிற இடத்தில் அடையாளம் நிற்கிறது. முடியாத இடத்தில் மக்கள் வேறு அடையாளத்திற்கு நகர்கின்றனர். கொடிவழி இதில் ஓர் ஆவணமாகச் செயற்படுகிறது. கைபர் கணவாய்க்காக ஆட்சியாளர்கள் வழங்கிய உதவித்தொகையை எந்தக் கேல் எவ்வளவு பெறுவது, எவர் எவருக்குத் துணைநிற்பது, பழிக்கு எவர் பொறுப்பு என்பவற்றை அது வரையறுத்தது. நிலப்பதிவேடும் உடன்படிக்கையும் செய்யும் வேலை அது. அதை மரபணு அறிக்கையாகப் படிப்பது, பத்திரத்தைப் பிறப்புச் சான்றிதழாகப் படிப்பதற்கு ஒப்பாகும்.

பிரிட்டிஷ் ஆட்சி இப்பெயரை வேறொரு பதிவேட்டில் எழுதியது. 1872 பிப்ரவரி 8 அன்று அந்தமானில், ஹோப்டவுன் துறையில், இந்தியாவின் தலைமை ஆளுநர் மேயோ பிரபு குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் ஷேர் அலி அஃப்ரிதி. முன்னர் எல்லைப்புறத்தில் ஆங்கில அதிகாரிகளிடமே பணியாற்றியவர். குடிப்பகை காரணமாகப் பெஷாவரில் செய்த கொலைக்காக நாடு கடத்தப்பட்டவர். மார்ச் 11 அன்று வைப்பர் தீவில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஒரு மனிதரின் செயல், கோப்புகளில் ஒரு குலத்தின் இயல்பாகப் படிக்கப்பட்டது. அரச விவரக்குறிப்புகளும் குடிக்கணக்கு அறிக்கைகளும் அஃப்ரிதிகளை ஒருபுறம் வீரர் என்றும் மறுபுறம் நம்பத்தகாதவர் என்றும் வகைப்படுத்தின.

அந்த வகைப்பாட்டின் பொய்ம்மையை ஒரே குடும்பம் வெளிப்படுத்தியது. முதல் உலகப்போரில் மீர் தஸ்த், மீர் மஸ்த் என்னும் இரு அஃப்ரிதிச் சகோதரர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையில் மேற்குப் போர்முனையில் இருந்தனர். 1915 மார்ச் மாதத்தில் மீர் மஸ்த் சில அஃப்ரிதிச் சிப்பாய்களுடன் ஜெர்மானியர் பக்கம் சென்றுவிட்டார். அடுத்த மாதம், ஏப்ரல் 26 அன்று, ஈப்ர போர்க்களத்தில் காட்டிய துணிவுக்காக மீர் தஸ்துக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. ஒரே தாய்தந்தையர், ஒரே கேல், ஒரே பெயர். ‘அஃப்ரிதியின் இயல்பு’ இவ்விருவருள் எவரிடம் வெளிப்பட்டது என்று கேட்டால், கேள்வியின் பொருளின்மை தானே விளங்கும்.

1901ஆம் ஆண்டின் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம் இவ்வகைப்பாட்டைச் சட்டமாக்கியது. ஒருவர் செய்த குற்றத்துக்கு அவருடைய குலத்தையே பொறுப்பாக்கவும், குலத்தைச் சேர்ந்தவர்களைப் பிடித்துவைக்கவும், உடைமைகளைப் பறிமுதல் செய்யவும் அச்சட்டம் இடமளித்தது. பாகிஸ்தான் உருவான பிறகும் அது தொடர்ந்தது. 2018இல் பழங்குடிப் பகுதிகள் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தோடு இணைக்கப்படும் வரை, நூறாண்டுகளுக்கும் மேலாக, ஒரு பெயரைச் சுமப்பதே சட்டத்தின் முன் ஒரு பொறுப்பாக இருந்தது. குலப்பெயரின் ‘மரபு’ என்று பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இந்தியச் சமவெளியில் இப்பெயருக்கு நேர்ந்தது வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் பங்கஷ் குலத்தைச் சேர்ந்த முகம்மது கான் 1714இல் ஃபரூக்காபாத்தை நிறுவினார். அவர் மகன் காயிம் கானின் பெயரால் காயிம்கஞ்ச் அமைந்தது. அங்கே குடியேறிய அஃப்ரிதிக் குடும்பம் ஒன்றில் தோன்றியவர் ஜாகிர் உசேன். ஹைதராபாத்தில் அவர் பிறந்தது 1897 பிப்ரவரி 8 அன்று. மேயோ கொல்லப்பட்டு இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவடைந்த அதே நாள். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவைக் கட்டியெழுப்பிய அவர் 1967இல் இந்தியக் குடியரசுத் தலைவரானார். அவருடைய இளவல் மஹ்மூத் உசேன் பாகிஸ்தானில் அமைச்சராகவும் டாக்கா, கராச்சிப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தராகவும் விளங்கினார். இருவர் பெயரிலும் ‘அஃப்ரிதி’ இல்லை. லக்னோவை அடுத்த மலிஹாபாதின் அஃப்ரிதிக் குடும்பத்தில் பிறந்த உருதுக் கவிஞர் ஷப்பீர் ஹசன் கான், குலத்தின் பெயரை விட்டு ஊரின் பெயரை ஏற்று ‘ஜோஷ் மலிஹாபாதி’ ஆனார். 1954இல் இந்திய அரசின் பத்ம பூஷண் விருதைப் பெற்ற அவர், சில ஆண்டுகளில் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார். தசேரி மாம்பழத்துக்குப் பேர்போன அவ்வூரின் பெயரைக் கடைசிவரை சுமந்தார். கைபரை மறந்த குடும்பம் மலிஹாபாதை மறக்க இயலவில்லை.

சமவெளியில் குலப்பெயர்களுக்குப் பதிலாகக் ‘கான்’ என்னும் பொதுப்பெயர் பரவியது. துருக்கிய, மங்கோலிய மரபிலிருந்து வந்த இப்பட்டம் ராஜபுத்திர வழியிலிருந்து இஸ்லாத்தைத் தழுவிய காயிம்கானிகள் முதலியோருக்கும் உரியதாயிற்று. சையத், ஷேக், முகல், பட்டாண் என்னும் நான்கும் வட இந்திய முஸ்லிம் சமூகத்தில் ‘அஷ்ராஃப்’ எனப்பட்ட உயர்பிரிவுகளாக எண்ணப்பட்டதால், பட்டாண் என்று பதிவது தகுதி உயர்வுக்கும் வழியானது. இம்தியாஸ் அகமது 1973இல் தொகுத்த, இந்திய முஸ்லிம்களிடையே சாதியும் சமூக அடுக்கும் குறித்த நூலைப் படித்த மாணவருக்கு இது புதிதன்று. எல்லைப்புறத்தில் பொறுப்பாகவும் அச்சமாகவும் இருந்த அடையாளம், கங்கைச் சமவெளியில் சாதிப் படிநிலையில் ஒரு படியாக மாறியது. ‘மேற்கிலிருந்து வந்தோர்’ என்னும் மூலக்கதை இங்கு இன்னொரு பணியையும் செய்தது. இந்நாட்டு உழைப்பாளி முஸ்லிம்களிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்ட அது உதவியது. இன்று அதே கதையை எதிர்த்தரப்பினர் எடுத்துக்கொண்டு, ‘வந்தவர்கள்தாமே’ என்று திருப்பிச் சொல்கின்றனர். உயர்வுக்காகப் பேணப்பட்ட மூலம் விலக்குவதற்கான சான்றாகிறது.

ராஜஸ்தானின் உனியாரா பகுதியில் வாழும் ‘ஷீன் கலை’ மக்களின் அனுபவம் இதே சிக்கலின் மறுபக்கம். பலுசிஸ்தானின் பஷ்தூன் பகுதிகளிலிருந்து 1947இல் வந்த இந்துக்கள் அவர்கள். தம்மைக் காக்கர் குலத்தோடு இணைத்துச் சொல்பவர்கள், பஷ்தோ பேசியவர்கள். பெண்களின் முகத்தில் இருந்த நீலப் பச்சைகுத்தலே அவர்களுக்கு அப்பெயரைத் தந்தது. உடையும் மொழியும் பச்சைகுத்தலும் புதிய ஊரில் ஐயத்தைக் கிளப்பியதால், அவற்றை மறைத்தே அப்பெண்கள் வாழ நேர்ந்தது. சமயத்தால் ஏற்கப்பட வேண்டியவர்கள் பண்பாட்டால் அந்நியராகப் பார்க்கப்பட்டனர். பஷ்தூன் குலப்பெயர் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியது என்னும் எண்ணத்தையும், இந்து என்றால் இன்ன தோற்றம் என்னும் எண்ணத்தையும் அவர்களின் வாழ்வு ஒருங்கே மறுக்கிறது.

இவ்வாறு மூலக்கதைகளைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. எழுத்து ஆவணங்களும் அரசும் பிறர் கையில் இருந்தபோது, வாய்மொழிக் கொடிவழியே ஒரு மக்களின் ஆவணக்காப்பகம். அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்குவது, அன்றைய அதிகாரிகளின் இறுமாப்பை இன்றைய கல்விமொழியில் மீண்டும் சொல்வதாகாதா? மறுப்பு நியாயமானது. ஆனால் கொடிவழியை மதிப்பதும் அதை நேரடி உண்மையாகக் கொள்வதும் ஒன்றல்ல. அது எங்கே, எவருக்காக, எந்த இழப்புக்குப் பின் தொகுக்கப்பட்டது என்று கேட்பதே அதற்குச் செய்யும் மரியாதை. கர்லானின் கதையைப் பொருளற்ற புனைவாகத் தள்ளியவர்கள், சவுலின் கதையை ஆய்வகம் வரை கொண்டுசென்றனர். மரபை அவமதித்தது எந்தச் செயல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது பழங்கதை பற்றிய விவாதம் மட்டுமன்று. பாகிஸ்தானில் பஷ்தூன் குடும்பங்களின் தேசிய அடையாள அட்டைகள், அவர்கள் ஆப்கானியராக இருக்கலாம் என்னும் ஐயத்தின் பேரில் முடக்கப்பட்டதுண்டு. 2018 ஜனவரியில் கராச்சியில் நகீபுல்லா மெஹ்சூத் என்னும் இளைஞர் காவல்துறையின் ‘மோதலில்’ கொல்லப்பட்டார். அவர் பயங்கரவாதி என்னும் குற்றச்சாட்டு பின்னர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அக்கொலைக்கு நீதி கேட்டு எழுந்த போராட்டத்தில், 2014 முதல் ‘மெஹ்சூத் பாதுகாப்பு இயக்கம்’ என்றிருந்த சிறு அமைப்பு ‘பஷ்தூன் பாதுகாப்பு இயக்கம்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஒரு குலப்பெயர் பேரினப் பெயராக விரிந்தது. ஹெரோடோட்டஸோ மரபணுவோ அதற்குத் தேவைப்படவில்லை. ஒரே வகையான சோதனைச்சாவடிகளில் நின்ற அனுபவம் போதுமானதாக இருந்தது. மெஹ்சூதும் கர்லான் வழியினர் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. கண்டெடுக்கப்பட்ட குழந்தையின் வழியினர், மற்ற மூவரின் வழியினரையும் தம் பெயருக்குள் அழைத்துக்கொண்டனர்.

இந்தியாவிலும் ‘நீ எங்கிருந்து வந்தாய்?’ என்னும் கேள்வி கேட்பவரின் ஆர்வத்தோடு முடிந்துவிடுவதில்லை; வாக்குரிமை, குடியுரிமை, குடியிருப்பு ஆகியவற்றைத் தொட்டு நிற்கிறது. இச்சூழலில் ஆய்வேட்டின் முதல் இயலில் எழுதப்படும் ‘தோற்றம்’ பற்றிய இரு பத்திகள் தீங்கற்ற சம்பிரதாயமாக இருக்க முடியாது. ஒரு சமூகத்தைப் பற்றி எழுதுபவர், அதன் மூலம் எது என்று கேட்பதற்கு முன், அக்கேள்வியை இதுவரை கேட்டவர்கள் யார், எதற்காகக் கேட்டனர், விடையால் எவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க வேண்டும். இக்கேள்விகளுக்குப் புர்ஹான்பூர் கையெழுத்துப்படியிலும், எல்லைப்புறச் சட்டத்திலும், காயிம்கஞ்சின் குடும்ப வரலாறுகளிலும், உனியாராவின் முதிய பெண்களின் நினைவிலும் விடைகள் கிடைக்கின்றன. அம்முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். தொலைந்த குலங்களைத் தேடுவதில் செலவாகும் உழைப்பில் ஒரு பகுதியையேனும், கண்முன்னே தொலைந்துகொண்டிருக்கும் இச்சான்றுகளைப் பதிவுசெய்வதில் செலவிடுவது ஆய்வுலகின் உடனடிக் கடமை.